பொத்தானை அழுத்தியும் ரொட்டவேட்டர் சுற்றாவிட்டால்

வாய்க்கால் மடையில் பலகையைத் தூக்கினால் தண்ணீர் வயலுக்குப் பாயும், இறக்கினால் நிற்கும். ஹைட்ராலிக் வால்வும் ஒரு மடைதான். தண்ணீருக்குப் பதில் எண்ணெய், பலகைக்குப் பதில் ஸ்பூல் என்கிற எஃகுத் தண்டு. இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ.வைப் பொத்தானால் இயக்கும் சிறு டிராக்டர்களில் அந்தத் தண்டை நகர்த்துவது சோலினாய்டு. அது ஒரு செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில். மின்சாரம் வந்ததும் காந்தமாகும், தண்டு நகரும், எண்ணெய் கிளட்சுக்குப் போகும், ரொட்டவேட்டர் சுற்றும்.

சுற்றாத நாளில் 'வால்வு போச்சு' என்று ஸ்பேனரை எடுத்துவிடுகிறோம். அவசரப்படாதீர்கள். ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் உள்ள இடைவெளி தலைமுடியை விட மெல்லியது. வயல் புழுதியில் அதைத் திறந்தால் இல்லாத கோளாறும் வந்து சேரும்.

முதலில் எண்ணெய் அளவு, ஃபியூஸ், சீட் சுவிட்ச். பல வண்டிகளில் ஓட்டுநர் இருக்கையில் இல்லாவிட்டால் சோலினாய்டுக்கு மின்சாரமே போகாது. அடுத்து, இன்ஜினை நிறுத்திச் சாவியை மட்டும் போட்டு, ஒருவரை இருக்கையில் உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். காயிலின் நுனியில் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் காந்தம் இழுப்பது கையில் தெரியும். இழுக்கவில்லையென்றால் கோளாறு மின்சாரத்தில்.

இங்கேதான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். 'கரண்ட் வருது, காயில்தான் போச்சு' என்று புதிது வாங்குவார்கள். அதுவும் வேலை செய்யாது. காரணம், மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு. காயிலின் தடை 6 ஓம் என்றால் அதற்கு 2 ஆம்பியர் வேண்டும். எர்த் கம்பி பிடித்திருக்கும் இடத்தில் துரு ஏறி 3 ஓம் தடை சேர்ந்துவிட்டால் கிடைப்பது 1.33 ஆம்பியர்தான். காயிலுக்கு 8 வோல்ட்தான் எட்டும். காந்த விசையோ பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே பிளக்கை மாட்டியபடியே, காயிலின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். குறைவாக இருந்தால் எர்த் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். செலவு ஒரு தாள்.

முழு வோல்ட் வந்தும் காந்தம் இல்லையென்றால் காயிலை மாற்றலாம். நல்ல காந்தம் இருந்தும் சுற்றவில்லையென்றால் ஸ்பூல் சிக்கியிருக்கலாம். பம்ப், ஃபில்டர், கிளட்ச் என்று வேறு காரணமும் இருக்கலாம். அழுத்தமானி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வால்வைத் திறந்தே ஆகவேண்டுமென்றால், கருவியைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே தொடுங்கள். எண்ணெய்க் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.