யோம் கிப்பூர்: மன்னிப்பை யாரிடம் கேட்பது?

மொனராகலையிலிருந்து சியம்பலாண்டுவ, லகுகல வழியாகப் பொத்துவிலுக்கு பஸ் ஏறினால், அறுகம்பே கிட்டத்தான். எபிரேய எழுத்துப் பலகைகளை அங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் தாக்குதல் எச்சரிக்கை விடுத்தபின், பொலிஸ் காவலையும் பார்த்திருப்பீர்கள். 2025 ஒக்டோபர் 2ஆம் திகதி நான் போனபோது, ஆட்டோக்கார நானா சொன்னார்: "இண்டைக்கு இவங்க தண்ணியும் குடிக்கமாட்டாங்க."

அன்று யோம் கிப்பூர், யூதர்களின் பாவநிவர்த்தி நாள். அவர்களின் திஷ்ரி மாதத்துப் பத்தாம் நாள். முதல்நாள் பொழுதுபட முன் தொடங்கி மறுநாள் இருட்டும்வரை, ஏறத்தாழ 25 மணித்தியாலம் உணவில்லை, நீரில்லை. குளிப்பதும் தோல் செருப்பு அணிவதும்கூட விலக்கு. பலர் வெள்ளை உடுத்துவார்கள். கடைசியில் ஆட்டுக்கடாக் கொம்பு ஊதி நோன்பை முடிப்பார்கள். கந்தசஷ்டி பிடிக்கும் நம் அம்மாமாருக்கு இந்தப் பட்டினி புதிதல்ல.

என்னை நிறுத்தியது வேறொன்று. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற அவர்களின் சட்டநூல், இந்த நாள் கடவுளுக்குச் செய்த குற்றத்தையே தீர்க்கும் என்கிறது. மனிதருக்குச் செய்த குற்றம், அந்த மனிதரைச் சமாதானப்படுத்தும்வரை தீராது. 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் இதை இன்னும் விரிக்கிறார். எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது, நேரில் போய்க் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால், பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குப் போய், செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

காஸாவை அழித்த அரசுக்கும் இது பொருந்தும் என்று சொல்லாமல் இதை எழுத முடியாது. ஆனால் அரசு வேறு, நோன்பிருப்பவர் வேறு.

காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் அரசின் நட்டஈட்டை வேண்டாம் என்றபோது, பிடிவாதம் என்றார்கள். மைமோனிடிஸிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். அந்தத் தாய்மாருக்குப் போய் நிற்கக் கல்லறைகூட இல்லை.

எங்கள் ஊவாவிலேயே பிந்துனுவெவ இருக்கிறது. 2000 ஒக்டோபர் 25 காலை, புனர்வாழ்வு முகாமுக்குள் புகுந்த கும்பல் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. பொலிஸார் அங்கேயே நின்றார்கள். 2003இல் சிலருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது, 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கொல்லப்பட்ட பிள்ளைகளின் வீட்டு வாசலில் ஒருவராவது போய் நின்றதாக இன்றுவரை நான் கேள்விப்படவில்லை.