திருப்பாடல்களில் தன்னிடர் முறையீடு

இறைவனைப் புகழ்தலும் அவன்பால் ஒன்றை வேண்டிநிற்றலும் எல்லாச் சமய இலக்கியங்களுக்கும் பொதுவானவை. தன் இடரை விரித்துரைத்து, அதனை நீக்காது வாளா இருத்தல் தகுமோ என்று இறைவனையே வினவுதல் அத்துணைப் பொதுவானதன்று. கிறித்தவச் செப மரபில் இவ்வியல்பு தொடக்கமுதல் வேரூன்றி நிற்கின்றது. அதன் ஊற்று எபிரேய விவிலியத்தின் 150 திருப்பாடல்கள் ஆகும். சீர்திருத்தச் சபையார் வழங்கும் தமிழ் விவிலியத்தில் இவை சங்கீதம் எனப் பெயர் பெறும். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் திருப்பாடல்கள் என வழங்கும். ஈண்டுப் பின்னைய பெயரே ஆளப்படுகின்றது.

இந்நூலுக்கு எபிரேய மரபு இட்ட பெயர் 'தெகிலீம்' என்பது. புகழ்ச்சிகள் என்பது அதன் பொருள். ஆயின் நூலைத் திறந்து எண்ணிப் பார்ப்பார்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. அதனுள் மிகுதியாய் அமைந்த வகை புகழ்ப்பாட்டு அன்று. தனி மனிதன் ஒருவன் தன் துயரைக் கூறி முறையிடும் பாட்டே அதனினும் மிகுதி. செருமானியப் பேரறிஞர் எர்மன் குங்கெல் (1862–1932) தம் உரைநூலில் (1926) பாடல்களை வகைப்படுத்திக் காட்டியபொழுது இவ்வுண்மை தெளிவாயிற்று. அவர் முடிக்காது விட்ட முன்னுரைநூலை அவர்தம் மாணவர் யோவாக்கிம் பெக்ரிக் 1933-இல் நிறைவு செய்தார். புகழ்ச்சிகள் என்னும் பெயரின்கீழ் அழுகையைத் தொகுத்துவைத்தோர் பெயரறியாது இட்டனர் எனல் பொருந்தாது. அழுகையும் ஒருவகைப் புகழ்ச்சியே என அவர்கள் கருதியிருத்தல் வேண்டும்.

முறையீட்டுப் பாட்டின் உறுப்புக்கள் சிலவே. இறைவனை விளித்தல், துயர் கூறல், வேண்டல், நம்பிக்கை மொழிதல், புகழ்வதாக நேர்ந்துகொள்ளல் என்பன அவை. எல்லாப் பாட்டிலும் எல்லாம் வாரா. வரும் முறையும் மாறும். ஆறே தொடர்களாலான 13-ஆம் திருப்பாடல் இவ்வமைப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. முதல் இரு தொடர்களில் எத்துணைக் காலம் என்னும் வினா நான்கு முறை எழுகின்றது. வினா இறைவனை நோக்கியது. மறந்தவனாகவும் முகம் மறைத்தவனாகவும் அவனே சுட்டப்படுகின்றான். அடுத்த இரண்டும் வேண்டல். இறுதி இரண்டும் நம்பிக்கையும் பாட்டும். புறத்தே யாதும் நிகழ்ந்ததாகக் குறிப்பில்லை. நோய் நீங்கியதோ பகைவன் அகன்றானோ என்பது கூறப்படவில்லை. பாடுவோன் நெஞ்சம் மட்டும் திரும்பிவிடுகின்றது.

இத்திருப்பம் அறிஞர்களை நெடிது வருத்திய ஒன்று. 6-ஆம் திருப்பாடலில் இரவெல்லாம் கண்ணீரால் படுக்கையை நனைப்பவன் திடுமெனத் தன் பகைவரை அகன்று போகுமாறு பணிக்கின்றான். இதற்குப் பெக்ரிக் 1934-இல் ஒரு விளக்கம் தந்தார். திருக்கோயிலில் முறையிட்டவனுக்கு, இறைவன் கேட்டருளினான் என்னும் ஆறுதல் வாக்கினைக் குரு உரைப்பார். அவ்வாக்குப் பாட்டில் எழுதப்பெறாமல் இடைவெளியாய் நின்றது. அதன் பின்னரே நன்றி மொழி தோன்றியது என்பது அவர் கருத்து. தனி மனிதர் முறையீடுகளுள் அத்தகைய வாக்குப் பொறிக்கப் பெறாமையின் இக்கருத்தைப் பலர் ஏற்றிலர். ஆயினும் இதற்கு அரணாகச் சாமுவேல் முதல் நூலின் தொடக்கத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. மகப்பேறின்றி மனங்கசந்த அன்னாள் சீலோவில் நின்று இதழ் மட்டும் அசைய, ஒலியின்றி மன்றாடுகின்றாள். குருவாகிய ஏலி அவளை மது உண்டவள் எனக் கருதிக் கடிகின்றார். அவளோ, தான் குடித்தவள் அல்லள், உள்ளத்தை இறைவன் முன் கொட்டினவள் என்று விடை கூறுகின்றாள். அமைதியுடன் செல்க என்று அவர் வாழ்த்தியபின் அவள் உணவு கொள்கின்றாள், முகவாட்டம் நீங்குகின்றது. குழந்தை பிறந்தது பின்னரே. வேண்டியது கிடைக்கு முன்னரே வாட்டம் நீங்கிற்று என்பதை அந்நூலாசிரியர் விளக்கமின்றிச் சொல்லிச் செல்கின்றார். குரு முதலில் அவளைப் பிழைபட உணர்ந்தார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. துயருற்றோர் செபம் பிறர் கண்ணுக்குக் களிமயக்காகத் தோன்றுதலும் உண்டு போலும்.

இனி, இம்முறையீடுகளில் கூறப்படும் இடர் யாது என ஆராய்வார்க்கு வேறொரு தடை எதிர்ப்படும். நோய் எனப்படும், இன்ன நோய் எனப்படாது. பகைவர் எனப்படும், பெயர் சுட்டப்படாது. 55-ஆம் திருப்பாடலில் வஞ்சித்தவன் பகைவன் அல்லன், உடன் பழகிய நண்பன் என்று பாடுவோன் உளம் நைந்து கூறுகின்றான். இத்துணை அணுக்கமான துயரிலும் அந்நண்பன் இன்னான் என்பது வெளிப்படவில்லை. பாபிலோனிய மக்களின் கையெடுத்து வேண்டும் செபங்களோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். அவற்றில் தெய்வத்தை விளிக்கும் புகழ்ப்பகுதி நீண்டு செல்லும். பின்னர், இன்னார் மகன் இன்னான் என வேண்டுவோன் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் இடமும் அமைந்திருக்கும். எபிரேய முறையீட்டில் விளி ஓரிரு சொல்லில் முடிந்துவிடும்; பெயருக்கு இடமே இல்லை.

தமிழ் கற்றார்க்கு இது புதுமையாகத் தோன்றாது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது எனத் தொல்காப்பியர் அகத்திணையியலில் விதித்தார். பெயர் நீங்கவே தலைவியின் துயர் எவர்க்கும் உரியதாயிற்று. இரண்டு மரபுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு என்பது எம் கருத்தன்று; ஒன்றன் ஒளியில் மற்றொன்றைக் காணலாம் என்பதே. இன்னும் ஓர் ஒப்புமையும் உண்டு. 13 திருப்பாடல்களின் தலைப்பில், தாவீது இன்ன நிகழ்ச்சியின்போது பாடியது என்னும் குறிப்புக் காணப்படுகின்றது. இவை பிற்காலத்துத் தொகுப்போர் சேர்த்தவை என்பது ஆராய்ச்சியாளருள் பெரும்பாலோர் கொள்கை. புறநானூற்றுப் பாடல்களின் கீழுள்ள திணை துறைக் குறிப்புக்களைப் பயன்படுத்துவோர் கைக்கொள்ளும் விழிப்பு இவற்றுக்கும் வேண்டும். பெயரற்ற துயருக்கு ஒரு பெயரைத் தேடித்தரும் வேட்கை எல்லா நாட்டு உரைகாரரிடமும் இருந்திருக்கின்றது.

பெயரின்மையின் பயனை முதலில் நன்குணர்ந்து கூறியவர் அலெக்சாந்திரியா நகர ஆயர் அத்தனாசியார் (இறப்பு 373). நோயினின்று தேறிவந்த மார்செல்லினு என்பார்க்கு எழுதிய திருமுகத்தில் அவர் ஒரு நுட்பத்தைக் காட்டுகின்றார். மறைநூலின் பிற பகுதிகளைப் படிப்போன் அங்குள்ள சொற்களைப் பிறர் சொற்களாகவே படிக்கின்றான். மோசே கூறியதை மோசே கூற்றாகவே கொள்கின்றான். திருப்பாடலைப் படிப்போனோ அதனைத் தன் கூற்றாகவே மொழிகின்றான். தன் உள்ளத்தின் அசைவுகளை அதில் கண்ணாடியிற் போலக் காண்கின்றான். பிறன் யாத்த பாட்டு என் துயரை எங்ஙனம் கூறும் என்னும் வினாவுக்கு இதனினும் சிறந்த விடையை யாம் கண்டிலேம். துன்ப மிகுதியில் மனிதன் சொல்லிழந்து நிற்கின்றான். அந்நிலையில் தனக்கெனச் சொற்களைப் படைத்துக்கொள்க என்று அவனைப் பணித்தல் கொடுமை. முன்னரே அமைந்த சொல் ஒன்று இருப்பின் அதனைப் பற்றிக்கொள்வான்.

இதற்குச் சான்று வேண்டுவோர் அகுசுதீனாரின் இறுதி நாள்களை நோக்குக. 430-ஆம் ஆண்டில் வந்தாலர் இப்போ நகரை முற்றுகையிட்டிருந்த காலத்து அவர் நோயுற்றார். உடனிருந்த பொசிதியு எழுதிய வரலாற்றின்படி, தாவீதின் கழுவாய்ப் பாடல்கள் சிலவற்றை எழுதுவித்துப் படுக்கைக்கு எதிரே சுவரில் அமைக்கச் செய்து, அவற்றைப் படித்துக் கண்ணீர் பெருக்கினார். இறப்பதற்கு முன் பத்து நாள் அளவு, மருத்துவர் வரும்பொழுதும் உணவு கொணரும்பொழுதும் அன்றிப் பிறர் எவரும் உள்ளே வாரற்க என்றும் கேட்டுக்கொண்டார். தம் அகவாழ்வையெல்லாம் இறைவன் முன்னிலையில் வைத்துப் பெருநூல் எழுதியவர் அவர். சொல்வன்மையில் அவர்க்கு நிகராவார் அக்காலத்தில் அரியர். அத்தகையவரும் கடைசியில் வேறொருவர் சொற்களையே நாடினார்.

முறையீடு நம்பிக்கைக் குறைவின் அடையாளம் ஆகாதோ என்னும் வினா இன்னும் எஞ்சி நிற்கின்றது. பொறுமையே அடியார்க்கு அழகு எனக் கொண்ட போதகர்கள் எல்லாக் காலத்தும் இருந்திருக்கின்றனர். ஆயின் நற்செய்தி நூல்கள் வேறு காட்சியைக் காட்டுகின்றன. மாற்கு, மத்தேயு ஆகிய இருவரும் சிலுவையில் இயேசு உரத்த குரலில் 22-ஆம் திருப்பாடலின் தொடக்கத்தையே மொழிந்தார் என்பர். தன்னைக் கைவிட்டது ஏன் என இறைவனை வினவும் பாட்டு அது. கைவிட்டவன் எனக் குற்றம் கூறப்படுபவனே என் இறைவன் என இருமுறை விளிக்கவும் படுகின்றான். முறையிடுவோன் உறவை அறுத்துக்கொள்ளவில்லை. உறவை அறுத்தவன் முறையிட மாட்டான். அவன் வாய் மூடிப் போய்விடுவான். கெத்சமனியில் துன்பக் கிண்ணம் அகலுமாறு மும்முறை வேண்டியபொழுதும் அது அகலவில்லை. அங்கு அவர் தந்தையை விளித்த அரமேயச் சொல்லை மாற்கு அப்படியே காத்துவைத்துள்ளார். அச்சொல் தமிழ் அப்பாவோடு ஒலியில் ஒத்திருத்தல் தற்செயலே. அதன்மேல் மொழிவரலாறு கட்டுதல் தவறு. பவுல் தம் உடலில் தைத்த முள் ஒன்றைக் குறித்துத் தாமும் மும்முறை வேண்டியதாகவும், அது நீக்கப்படாமல் அருள் போதும் என்னும் விடையே கிடைத்ததாகவும் கொரிந்தியர்க்கு எழுதினார். அம்முள் யாதென அவரும் கூறவில்லை.

தமிழில் இப்பாடல்களைப் பெயர்த்தோர்க்கு முன்னிலைச் சொல்லால் ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. எபிரேயத்தில் முன்னிலை ஒருமை ஒன்றே. அரசனுக்கும் ஏவலனுக்கும் இறைவனுக்கும் அதுவே. தமிழிலோ நீ என்பதும் நீர் என்பதும் தேவரீர் என்பதும் வெவ்வேறு தொலைவுகளைக் குறிப்பன. பிலிப்பு பபிரீசியு (1711–1791) வழிவந்த சீர்திருத்தச் சபை மொழிபெயர்ப்பு மரபு நீர், தேவரீர் என்பவற்றையே ஆண்டது. (திருப்பாடல்களைத் தமிழாக்கிய இப்பெரியார் முதுமையில் பிறர் கடனுக்குப் பிணை நின்று சிறையும் புக்கார் என்பது ஈண்டு நினைவுக்கு வருகின்றது.) உயர்வுப் பன்மையால் முறையீட்டின் கூர்மை மழுங்கிற்று என்று ஒருவர் கூறலாம். முதலில் யாமும் அங்ஙனமே கருதினேம். ஆனால் சுந்தரர் கண்ணொளி இழந்து, ஒரு கண் பெற்று, மற்றொன்றை வேண்டித் திருவாரூரில் பாடிய பதிகத்தை நோக்கியபின் கருத்து மாறிற்று. தேவாரத்தில் இறைவனை நீ எனல் பெருவழக்காகவும், அப்பதிகத்தில் அவர் பன்மை முன்னிலையையே மேற்கொண்டார். சினந்த நெஞ்சம் மரியாதைச் சொல்லை வேண்டுமென்றே எடுத்தாளும்பொழுது அம்மரியாதையே குத்தலாகிவிடும் என்பதைத் தமிழ் இல்லங்களில் அறியாதார் யார்? ஆகவே நீர் என்னும் சொல் முறையீட்டுக்குப் பகையன்று. தேவரீர் என்பது வேறு. அதில் அரசவை மணம் மிகுதி. படுக்கையில் கிடந்து அழுவோன் வாயில் அது பொருந்துமாறு அரிது. எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900) இரட்சணிய மனோகரத்தில் (1899) பழம் பத்தி மரபின் வழிநின்று தம் நெஞ்சின் இடரைப் பாட இயன்றமைக்கு, பெயர்ப்புத் தமிழினின்றும் விலகிப் பதிகத் தமிழைப் பற்றியதே காரணம் எனலாம்.

முறையீட்டின் கடுமையான பகுதி ஒன்று உண்டு. பகைவனைச் சபித்தல் அது. கத்தோலிக்கத் திருச்சபை 1970-இல் தன் நாட்செப நூலைத் திருத்தியமைத்தபொழுது 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களை முழுமையாகவும், வேறு சிலவற்றின் தொடர்களையும் விலக்கிற்று. பகைவரை நேசிக்கக் கற்பித்தவரின் அடியார் வாயில் சாபம் வருதல் தகாது என்னும் அச்சம் விளங்கிக்கொள்ளத் தக்கதே. ஆயினும் துயரின் ஒரு கூறு சினம் என்பதை மறத்தற்கில்லை. அப்பாட்டுக்களில் பழிவாங்கும் செயல் பாடுவோன் கையில் இல்லை, இறைவனிடம் விடப்படுகின்றது. சினத்தை அங்குச் சொல்ல இடமின்றேல் அது வேறிடம் தேடும். வால்ட்டர் புரூகுமன் 1986-இல் எழுதிய கட்டுரையில், முறையீடு வழிபாட்டினின்றும் நீங்கின் நீதி பற்றிய வினாவும் உடன் நீங்கும் என வாதிட்டார். அது சிந்திக்கத் தக்கது.

திருப்பம் இல்லாத பாட்டு ஒன்றும் தொகுப்பில் உண்டு. 88-ஆம் திருப்பாடல் எசுராகியனாகிய ஏமானுக்கு உரியதென்று தலைப்புக் கூறும். இலத்தீன் மரபு எண்ணில் இது 87. மீட்பின் இறைவன் என்னும் விளி ஒன்றே இதில் ஒளி. பகலும் இரவும் கூவினேன், நாள்தோறும் கைவிரித்தேன், காலையில் என் மன்றாட்டு உம்மிடம் வரும் என மூன்று இடங்களில் அவன் தன் அழைப்பை நினைவூட்டுகின்றான். நம்பிக்கை மொழி வரவில்லை, நேர்ச்சியும் இல்லை. எபிரேய மூலத்தில் இறுதிச் சொல் இருள் என்பது. தொகுத்தோர் இதன் முடிவில் ஆறுதல் அடி ஒன்றைச் சேர்த்திருக்கலாம், சேர்த்திலர். 1970-இன் திருத்தம் இதனைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும், உறங்கப் போகுமுன் சொல்லும் இரவுச் செபத்தில் இப்பாட்டே அமைந்துள்ளது. அன்று துயர் யாதும் இல்லாதாரும், எங்கோ துயருற்றிருக்கும் ஒருவர்க்காக, அதனை இறுதிச் சொல்வரை சொல்லி விளக்கணைக்கின்றனர்.