விரல்வழி மருத்துவம்

ஜப்பானில் கல்வியாண்டும் நிதியாண்டும் ஏப்ரல் முதல் நாளில் தொடங்குகின்றன. செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்கும் அந்நாள்களில்தான் மாணவர் புதிய வகுப்பிலும் இளைஞர் புதிய பணியிலும் காலடி வைக்கின்றனர். காலைக் குளிரும் நண்பகல் வெயிலும் மாறிமாறி வருத்தும். போருக்குப்பின் மலைச்சரிவுகளில் பெருமளவில் நடப்பட்ட சுகி மரங்களின் மகரந்தம் பிப்ரவரி முதலே காற்றில் பரவிக் கண்ணையும் மூக்கையும் உறுத்தும். கவிஞர் போற்றும் வசந்தம் உடலுக்கு அத்துணை இனிய பருவமன்று. தோள் இறுகித் தலை கனக்கும் அக்காலத்தில் பலர் நாடும் எளிய சிகிச்சைகளுள் ஒன்று ஷியாட்சு.

‘ஷி’ என்பது விரல். ‘அட்சு’ என்பது அழுத்தம். இதற்கு எண்ணெய் வேண்டா; கருவி வேண்டா; ஆடை களையவும் வேண்டா. தரையில் விரித்த மெத்தையில் ஒருவர் படுத்திருக்க, மற்றவர் கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் சீராக அழுத்துவார். அவ்வழுத்தம் கைத்தசையின் வலிமையால் பிறப்பதன்று. தம் உடல் எடையை மெல்லச் சாய்ப்பதால் பிறப்பது. ஆகவே மெலிந்த உடலினரும் இதனைச் செய்ய இயலும்.

இக்கலையை முறைப்படுத்திப் பரப்பியவர் தொகுஜிரோ நமிகோஷி (1905–2000). சிறுவயதில் குடும்பத்துடன் வடதீவாகிய ஹொக்கைடோவிற்குக் குடிபெயர்ந்த அவர், மூட்டுவலியால் துன்புற்ற தாயின் உடலைத் தம் சிறு கைகளால் நீவியும் அழுத்தியும் வந்தார். நீவுவதைவிட அழுத்துவதே மிகுந்த ஆறுதல் தந்ததை அப்போது உணர்ந்தார் என்பர். பின்னர் 1940இல் டோக்கியோவில் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினார். அவருக்குப் பின்வந்த ஷிசுதோ மசுநாகா (1925–1981) சீன மருத்துவ மரபின் ஆற்றல்நாளக் கொள்கையை இக்கலையோடு இணைத்தார். அம்மரபில் வசந்தம் மரம் என்னும் பூதத்திற்கும், கல்லீரல், பித்தப்பை ஆகியவற்றின் நாளங்களுக்கும் உரியது. நவீன உடலியல் இந்நாளங்களை உறுதிசெய்யவில்லை. எனினும், பித்தப்பை நாளம் செல்வதாகக் கூறப்படும் விலாப்புறத்தை வசந்தகால விடியலில் நிமிர்ந்து வளைத்து நீட்டுவது, குளிர்காலம் முழுதும் குறுகியிருந்த உடலுக்கு நலம் தருவதே.

ஒருவர் தமக்குத்தாமே செய்துகொள்ளவும் சில இடங்கள் ஏற்றவை. மண்டையோட்டின் அடிவிளிம்பில், பிடரியின் இருபுறமும் உள்ள குழிவுகளில் கட்டைவிரல்களை வைத்து, மூச்சை வெளிவிட்டபடி மூன்று முதல் ஐந்து நொடி அழுத்தி, மெல்ல விடுவிக்கலாம். கெண்டைக்காலையும் அவ்வாறே அழுத்தலாம். வலி மிகுந்தால் உடனே நிறுத்த வேண்டும். காய்ச்சல், எலும்பு முறிவு, இரத்தக்கட்டி குறித்த ஐயம் ஆகியவை இருப்பின் அழுத்துதல் தீங்கு விளைக்கும். கருவுற்றோர் மருத்துவரைக் கேளாமல் செய்தல் ஆகாது. மகரந்த ஒவ்வாமையை இது தீர்க்காது. அதற்கு மருத்துவரே துணை.

தம் கை எட்டாத முதுகுக்குப் பிறர் கை வேண்டும். அங்கேதான் செலவு பற்றிய வினா எழுகிறது. ஜப்பானில் இத்தொழில் புரிவதற்கு மூன்றாண்டுப் பயிற்சியும் தேசியத் தேர்வில் தேர்ச்சியும் தேவை. பார்வை மாற்றுத்திறனாளர் பள்ளிகள் பலவற்றில் இப்பயிற்சி உண்டு. அங்குள்ள பயிற்சிக் கூடங்களில், ஆசிரியர் மேற்பார்வையில், மாணவர் குறைந்த கட்டணத்தில் ஊர்மக்களுக்குச் சிகிச்சை அளிப்பர். கற்பவருக்குப் பயிற்சி; வருபவருக்கு ஆறுதல். இம்மரபு பழையது. பார்வையற்ற மருத்துவரான வாயிச்சி சுகியாமா (1610–1694) தம்மைப் போன்றோர்க்கு ஊசி மருத்துவமும் ‘அன்மா’ என்னும் நீவுமுறையும் கற்பிக்கும் கல்விக்கு வித்திட்டவர். பார்ப்பதைவிடத் தொட்டறிவதே முதன்மையான இத்தொழில், பல தலைமுறைகளாக அவர்களுக்குச் சோறளித்து வருகிறது.

மலிவு என்பது இருவகைப்படும். பயிற்சிக்கூடத்தின் மலிவு ஒருவகை; உரிமம் பெறாதோரை அமர்த்தி, ‘ஓய்வு நிலையம்’ என்னும் பெயரில் நகரெங்கும் பெருகியுள்ள கடைகளின் மலிவு மற்றொரு வகை. பின்னது முறையாகப் பயின்றோரின் பிழைப்பை அரிக்கிறது. பார்வையுள்ளோருக்கான புதிய பயிற்சிப் பள்ளிகளைக் கட்டுப்படுத்த 1964ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அரசுக்கு அதிகாரம் அளித்தது. தொழிலைத் தேர்ந்துகொள்ளும் உரிமைக்கு அது முரணானது என வழக்குகள் தொடுக்கப்பட்டன. பார்வை மாற்றுத்திறனாளரின் வாழ்வாதாரத்தைக் கருதி, அச்சட்டம் செல்லும் என 2022 பிப்ரவரியில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.