புகைப்பவர் ஒருவர், சுவாசிப்பது வீடு முழுவதும்

2006ஆம் ஆண்டை மூதூர் கிழக்கு மக்கள் இலகுவில் மறக்கமாட்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் தொடங்கிய விமான, ஷெல் தாக்குதல்களால் சம்பூரும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் இடம்பெயர்ந்தன. வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்த மக்களில் பலர், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல் போன்ற முகாம்களில் தங்கினர். 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்படும் வரை அவர்களுக்குத் தகரக் கொட்டில்களே வீடு.

அதே 2006ஆம் ஆண்டில்தான் இலங்கைப் பாராளுமன்றம், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. 27ஆம் இலக்கச் சட்டமான அது, மூடப்பட்ட பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிகரட் விற்பதையும் தடுத்தது. இன்று திருகோணமலையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பஸ்ஸில் ஒருவர் சிகரட்டைப் பற்றவைத்தால், நிறுத்தச் சொல்ல எந்தப் பயணிக்கும் உரிமை உண்டு என்றால் அதற்கு இந்தச் சட்டமே காரணம்.

ஆனால் பஸ்ஸுக்குள் வந்த சட்டம் கொட்டிலுக்குள் வரவில்லை. வரவும் முடியாது. கொட்டில் என்றாலும் அது ஒரு குடும்பத்தின் வீடு. ஒரே அறைக்குள் தாய் சமைப்பார், குழந்தை தூங்கும், பிள்ளை படிக்கும், தகப்பன் புகைப்பார். முகாம்கள் மூடப்பட்டுவிட்டன. அந்தப் பழக்கம் பல வீடுகளில் இன்னும் மூடப்படவில்லை.

எரியும் சிகரட்டிலிருந்து இரண்டு வழியாகப் புகை வெளியேறுகிறது. புகைப்பவர் உள்ளிழுத்து வெளியே விடுவது ஒன்று. இரண்டு இழுப்புகளுக்கு இடையே, விரலிடுக்கில் இருக்கும் சிகரட்டின் நுனி தானாக எரிந்து விடுவது மற்றையது. அறையில் சேரும் புகையில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைதான். நுனி குறைந்த வெப்பத்தில், அரைகுறையாக எரிகிறது. வடிகட்டியூடாகவும் அது வருவதில்லை. ஆகவே அதில் சில நச்சுப் பொருட்கள், புகைப்பவர் உள்ளிழுக்கும் புகையிலிருப்பதை விடக் கூடுதலாக இருக்கின்றன. புகையிலைப் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. அவற்றில் குறைந்தது 69 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. பீடி, சுருட்டுப் புகையும் இதற்கு விதிவிலக்கல்ல.

இந்தப் புகை யாரைத் தாக்குகிறது? 1981இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா ஓர் ஆய்வை வெளியிட்டார். புகைப்பழக்கமே இல்லாத 91,540 மனைவிமாரைப் பதினான்கு ஆண்டுகள் அவதானித்தபோது, அதிகம் புகைக்கும் கணவர்மாரின் மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக ஏற்பட்டிருந்தது. தாங்கள் புகைக்காத பெண்கள் அவர்கள்.

பின்னர் 192 நாடுகளின் தரவுகளை வைத்து உலக சுகாதார அமைப்பின் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். 2004ஆம் ஆண்டில் மட்டும் அடுத்தவர் விட்ட புகையால் இறந்தவர்கள் ஏறத்தாழ 6 இலட்சத்து 3 ஆயிரம் பேர். அவர்களில் 47 வீதத்தினர் பெண்கள், 28 வீதத்தினர் சிறுவர்கள். நான்கில் மூன்று பங்கு பெண்களும் பிள்ளைகளுமே.

வளர்ந்தவர்களில் முதலில் பாதிக்கப்படுவது இதயம். புகையைச் சுவாசித்த சிறிது நேரத்திலேயே இரத்தத்தின் உறையும் தன்மை கூடுகிறது, இரத்தக்குழாய்களின் உட்சுவர் பாதிப்படைகிறது. வீட்டிலோ வேலைத்தலத்திலோ அடுத்தவர் புகையைச் சுவாசிக்கும் ஒருவருக்கு இதய நோய் அபாயம் 25 முதல் 30 வீதமும், நுரையீரல் புற்றுநோய் அபாயம் 20 முதல் 30 வீதமும் கூடுகின்றன என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதும் அந்த அறிக்கையின் முடிவு.

குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். அவர்கள் பெரியவர்களை விட வேகமாக மூச்செடுக்கிறார்கள். புகை வந்தால் எழுந்து வெளியே போகவும் அவர்களால் முடியாது. அடிக்கடி வரும் சளி, நெஞ்சில் இழுப்பு, நிமோனியா, நடுக்காதில் நீர் கட்டுதல் ஆகியவை புகை உள்ள வீடுகளின் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வருகின்றன. கைக்குழந்தைகள் தூக்கத்தில் திடீரென இறக்கும் அபாயமும் கூடுகிறது. கர்ப்பிணித் தாய் அந்தப் புகையைச் சுவாசித்தால் குழந்தையின் பிறப்பு நிறை குறையலாம்.

‘யன்னல் திறந்துதானே இருக்கிறது’, ‘ஃபான் போட்டிருக்கிறேன்’, ‘எங்கட கடற்காற்று எல்லாத்தையும் கொண்டுபோயிடும்’ என்று சொல்லிக்கொள்கிறோம். மின்விசிறி புகையை அகற்றுவதில்லை, அறை முழுவதும் பரப்புகிறது. யன்னல் புகையைக் குறைக்கலாம், இல்லாமல் ஆக்காது. மாரி காலத்தை எண்ணிப் பாருங்கள். கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையில் கிடக்கும், மழைக்கு யன்னல் கதவுகள் சாத்தப்படும். தொழிலுக்குப் போக முடியாத ஆண்கள் வீட்டிலேயே இருப்பார்கள். பிள்ளைகளின் இருமல் கூடும் காலமும் அதுதான். விறகடுப்பும் உள்ளே எரிந்தால் இரண்டு புகையும் ஒன்றாகச் சேரும்.

புகைப்பவரைக் குற்றவாளியாக்குவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. ஷெல் சத்தத்துக்கு நடுவில், பதுங்குகுழி வாசலில், முகாமில் விடியாத இரவுகளில் சிகரட்டைக் கையில் எடுத்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். பறிகொடுத்தவர்களின் நினைவை அடக்கப் புகைப்பவர்களும் இருக்கிறார்கள். நிக்கொட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என்பதால், ‘விடு’ என்ற ஒரு சொல்லில் அது விட்டுப் போகாது. நிறுத்த விரும்புபவர்கள் அருகிலுள்ள வைத்தியசாலையில் வைத்தியரிடம் வெட்கப்படாமல் உதவி கேட்கலாம். நிறுத்தி ஓர் ஆண்டில், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிடும்போது மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைகிறது.

நிறுத்தும் வரை ஒரு காரியத்தை இன்றே செய்யலாம். வீட்டுக் கூரைக்குக் கீழே புகைப்பதில்லை என்று முடிவெடுப்பது. விறாந்தையும் வேண்டாம், ஓட்டோவுக்குள்ளும் வேண்டாம். முற்றம் தாண்டிப் போய்ப் புகைத்துவிட்டு, கை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு குழந்தையைத் தூக்குங்கள். புகையின் எச்சம் உடுப்பிலும் படுக்கையிலும் படிந்து நிற்கும். வீட்டுக்கு வரும் உறவினருக்கும் இதே விதிதான். மனைவியோ பிள்ளையோ ‘வெளியில போங்கோ’ என்று சொன்னால் அதை அவமரியாதையாக எடுக்க வேண்டாம்.

பொது இடங்களில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. தனியிடம் ஒதுக்க அனுமதியுள்ள பெரிய விடுதிகள், உணவகங்கள் போன்றவை தவிர, மூடப்பட்ட பொது இடத்தில் ஒருவர் புகைத்தால் பொலிஸாரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ முறையிடலாம். இந்தத் தடைகள் வெறும் கடதாசிக் கட்டளைகள் அல்ல. ஸ்கொட்லாந்தில் 2006 மார்ச்சில் இத்தகைய தடை வந்தது. அதற்கு முன் ஆண்டுதோறும் கூடிவந்த, ஆஸ்துமாவால் வைத்தியசாலையில் சேர்க்கப்படும் சிறுவர்களின் எண்ணிக்கை, தடைக்குப் பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 18 வீதம் என்ற அளவில் குறைந்தது.

போரில் உழைப்பாளிகளை இழந்த குடும்பங்கள் எமது மாவட்டத்தில் ஏராளம். பல வீடுகளைத் தாங்கி நிற்பது ஒரேயொரு தாய், அல்லது ஒரேயொரு மகன். அவர் நோயில் விழுந்தால் அந்த வீட்டுக்கு வேறு துணை இல்லை. ஷெல்லிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றியவர்கள் நாங்கள். இந்தப் புகையிலிருந்து அவர்களைக் காப்பாற்ற எங்கும் ஓட வேண்டியதில்லை. சிகரட்டோடு வாசலைத் தாண்டி வெளியே போனால் போதும்.