மூன்று ஷிஃப்டும் ஓடும் ஃபேன்

செம்பரம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் பக்கத்து லைன் வீடுகளில் ஓய்வே இல்லாத ஒன்று உண்டென்றால் அது கூரையில் தொங்கும் ஃபேன்தான். ஏ ஷிஃப்டுக்குக் கிளம்பியவரின் பாயில், சி ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் இறங்கியவர் படுக்கிறார். மின்சிக்கனம் என்றதும் ‘ஆளில்லாத அறையில் ஃபேனை நிறுத்துங்கள்’ என்று சொல்லிவிடுவோம். இங்கே ஆளில்லாத அறை ஏது?

கணக்கு எளிது. சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். அது 24 மணி நேரமும் ஓடினால் 60 நாளில் 108 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை ஒற்றை ஃபேனே விழுங்கிவிடுகிறது. அதே காற்றை 30 வாட்டில் தரும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் இருந்தால் 43 யூனிட்டோடு முடியும்.

மிச்சம் 45 வாட் எங்கே போகிறது? பழைய வகை மோட்டாரின் சுழலும் பகுதியில் சொந்தக் காந்தம் கிடையாது. சுருள்களில் பாயும் மின்சாரம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, அது சுழலும் பகுதியில் இன்னொரு மின்னோட்டத்தைத் தூண்டி, அதன் பிறகே இறக்கை நகர்கிறது. இந்தச் சுற்றுவழியில் பெரும்பகுதி வெப்பமாகிவிடும். விடிய விடிய ஓடிய ஃபேனை நிறுத்தி, நடுமண்டையைத் தொட்டால் சுடுவது இதனால்தான். காற்றுக்காகக் கட்டிய காசு, அறையைச் சூடாக்கவும் செலவாகிறது! பிஎல்டிசியில் நிலைக்காந்தம் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதைச் சின்ன மின்னணுப் பலகை பார்த்துக்கொள்ளும். வேகத்தைக் குறைத்தால் செலவும் நன்றாக இறங்கும். பழைய பெட்டி ரெகுலேட்டரில் அப்படியல்ல. குறைத்ததில் ஒரு பங்கு ரெகுலேட்டரையே சூடாக்கும்.

ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வியர்வையை ஆவியாக்கி உடம்பைத்தான் குளிர வைக்கிறது. ஏரிக்கரைப் புழுக்கத்தில் அதுவும் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் ஃபேனைக் குறைத்துக்கொள் என்று இரவு வேலை பார்த்துவிட்டு வந்தவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு ஏன் மாற்றவில்லை? ஃபேன் வாங்குபவர் வீட்டுக்காரர். பில் கட்டுபவர் குடியிருப்பவர். சப் மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் வசூலிக்கும் இடங்களில், விலை குறைந்த ஃபேனை மாட்டுவதால் வீட்டுக்காரருக்கு நஷ்டமே இல்லை. நட்சத்திரக் குறியீடு சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம். ஆனால் ஏற்கெனவே தொங்குகிற ஃபேனை அது என்ன செய்யும்?

பெரிய விடுதிகளில் இந்தச் சிக்கல் இல்லை. வாங்குவதும் பில் கட்டுவதும் ஒரே கை. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அந்த அளவுள்ள விடுதியில் ஆறு பேருக்கு இரண்டு ஃபேன் என்று வைத்தால் 6,240 ஃபேன்கள். எல்லாம் ஓடும் நேரத்தில், ஒன்றுக்கு 45 வாட் வீதம் சுமார் 280 கிலோவாட் வித்தியாசம். தமிழகத்தின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு முன்னால் இது துளிதான். ஆனால் இந்த ஃபேன்கள் சூரிய மின்சாரம் அடங்கிய பிறகும் இரவெல்லாம் ஓடுபவை. அந்நேரத்துக் கூடுதல் தேவைக்குப் பெரும்பாலும் நிலக்கரிதான் எரிய வேண்டும்.

லைன் வீடுகளிலோ கேள்வியை வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் தண்ணீர் வருமா என்று விசாரிப்பீர்கள் அல்லவா? மேலே தொங்குவது எத்தனை வாட் ஃபேன் என்றும் கேளுங்கள். சாதாரண ஃபேனைவிட பிஎல்டிசி ஃபேனுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடும். நாள் முழுக்க ஓடும் அறையில் ஆண்டுக்கு 390 யூனிட் மிச்சம். யூனிட் ஐந்து ரூபாய் என்றாலும் ஓராண்டுக்குள் கூடுதலாகப் போட்ட காசு திரும்பிவிடும். பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்று பேசிப் பாருங்கள்.