செப்புக் கம்பியின் வழியே வரும் இணையம்

தொலைபேசி என்பது துரை பங்களாவுக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் உரித்தான ஐசுவரியமாக இருந்த காலத்தைக் கண்டவர்கள் டிக்கோயாவில் இன்றும் இருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையத்தின் வழியே வரத் தொடங்கியபோது, அலைவரிசை தேடி மேட்டுக்கு ஏறிய பிள்ளைகளைப் பார்த்துக் கலங்கிய பெற்றோர், வீட்டுக்குள்ளேயே நிலையான இணைப்பொன்றை விரும்பியது நியாயமே. ஃபைபர் எட்டாத இடங்களில் அவ்விருப்பத்தை நிறைவேற்றவல்லது, 051 என்னும் எண்ணோடு வீடு தேடி வரும் பழைய தொலைபேசிக் கம்பிதான்.

மனிதக் குரல் அக்கம்பியில் ஏறத்தாழ 4,000 ஹேர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. அதற்கு மேல் வெறுமையாய்க் கிடந்த வெளியில், சுமார் 25,000 முதல் 11 லட்சம் ஹேர்ட்ஸ் வரையில், 1999இல் சர்வதேச நியமமாக அங்கீகரிக்கப்பட்ட ஏ.டி.எஸ்.எல். முறை இணையத் தரவுகளை ஏற்றி அனுப்புவதால், தாய் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் பாடம் கேட்க முடிகிறது. இரண்டையும் பிரித்துத் தருவது ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டி. சுவரிலிருந்து வரும் கம்பியை அதன் ‘லைன்’ துளையிலும், தொலைபேசியையும் மோடத்தையும் அவற்றுக்குரிய துளைகளிலும் செருக வேண்டும். பின்னறையில் இன்னொரு தொலைபேசி இருந்தால் அதற்கும் ஒரு ஃபில்டர் அத்தியாவசியம்; இதை மறப்பதால் பேச்சில் இரைச்சலும், மணி அடிக்கும்போது இணையத் துண்டிப்பும் உண்டாகி, பழியெல்லாம் மோடத்தின்மேல் விழுகிறது.

மோடத்தைப் போட்டதும் டி.எஸ்.எல். விளக்கு சிமிட்டிப் பின்னர் நிலைத்து எரிந்தால் கம்பி சரியென்று கொள்ளலாம். அதன் பின்னும் இணையம் வராவிட்டால், மோடத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரியைக் கம்ப்யூட்டரில் திறந்து, ஸ்ரீலங்கா டெலிகொம் இணைப்பாயின் வி.பி.ஐ. 8, வி.சி.ஐ. 35, பி.பி.பி.ஓ.இ. என்று அமைத்து, இணைப்போடு கொடுக்கப்பட்ட பெயரையும் கடவுச்சொல்லையும் இட வேண்டும்.

விளக்கு நிலைக்காமல் சிமிட்டிக்கொண்டே இருப்பதுதான் மலைநாட்டின் பிரத்தியேகச் சங்கடம். தொலைபேசி நிலையம் எதிர்மலையில் கண்ணுக்குத் தெரிந்தாலும், கம்பி பாதையோடு வளைந்து வளைந்து வருகிறது. அந்த நீளம் 5 கிலோமீற்றரை நெருங்கும்போது வேகம் நலிந்து, இணைப்பே தடுமாறும். போதாக்குறைக்குத் தென்மேற்குப் பருவமழையின் ஈரம் மூட்டுகளில் புகுந்து செம்பைக் களிம்பேற்றுகிறது. ஆகவே, புதிய மோடம் வாங்கப் பணம் செலவழிக்குமுன், எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் சொக்கெட்டில் ஒரு சாதாரணத் தொலைபேசியை மட்டும் மாட்டிக் கேளுங்கள். அங்கேயும் இரைச்சல் இருந்தால் குற்றம் வெளியே உள்ள கம்பியினுடையது, அதைத் திருத்துவது தொலைபேசி நிறுவனத்தின் கடமை.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமுழக்கம் நமக்குப் பழக்கமானது. அப்போது பலர் மின்சாரப் பிளக்கை மாத்திரம் பிடுங்கிவிட்டு நிம்மதி அடைகிறார்கள். மின்னலின் வேகமோ திறந்த மலைச்சரிவில் கிலோமீற்றர் கணக்காக ஓடிவரும் தொலைபேசிக் கம்பி வழியாகவும் வீட்டுக்குள் பாயும். வானம் இருண்டு முதல் இடி கேட்குமுன்பே இரண்டு கம்பிகளையும் கழற்றி வைத்துவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் எந்தக் கம்பியையும் தொடாதீர்கள்.