மூளைக் கட்டியில் சுண்ணாம்புப் படிவு: பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்த ஒரு தாய், மகனின் சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினார். மூளையில் உள்ள கட்டிக்குள் ‘கால்சிஃபிகேஷன்’ இருப்பதாக அதில் எழுதியிருந்தது. அது கால்சியம் என்று யாரோ சொல்ல, அன்றிலிருந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பதையே நிறுத்திவிட்டாராம். வேறு யாரும் இப்படிச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கால்சிஃபிகேஷன் என்றால் சுண்ணாம்புப் படிவு. கட்டிக்குள் செல்கள் நலிந்து அழியும் இடங்களில் கால்சியம் உப்பு சிறிது சிறிதாகப் படிகிறது. இரத்தத்தில் கால்சியம் சரியான அளவில் இருந்தாலும் இது நடக்கும். ஆகவே பாலோ, மீனோ, கீரையோ இதற்குக் காரணம் அல்ல. அவற்றை நிறுத்தினாலும் படிவு கரையாது. வளரும் பிள்ளையின் எலும்புதான் பலவீனமாகும்.

மருத்துவருக்கு இந்தப் படிவு ஒரு துப்பு. பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டிப் பிள்ளைகளுக்கு வரும் கிரேனியோஃபாரிஞ்சியோமா கட்டிகளில், பத்தில் ஏறக்குறைய ஒன்பதில் இது இருக்கும். பெரும்பாலும் வலிப்பாக வெளிப்படும் ஒலிகோடென்ட்ரோகிளியோமாவிலும் அடிக்கடி காணப்படும். மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமா சிலவற்றில் மணல்மணி போலவே இருக்கும். இவற்றில் மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, ஒலிகோடென்ட்ரோகிளியோமா புற்றுநோய். எனவே படிவை மட்டும் பார்த்து நல்லது, கெட்டது என்று முடிவுகட்ட முடியாது.

கட்டியே இல்லாதவர்களுக்கும் படிவு உண்டு. வயது ஏறும்போது பினியல் சுரப்பியில் பலருக்கும் இது சாதாரணம். மூளையைத் தாக்கிய காசநோயோ நாடாப்புழு நோயோ ஆறிய பின்பும் தழும்பு போலத் தங்கலாம்.

மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். படிவு சி.டி. ஸ்கேனில் வெள்ளையாகத் தெளிவாகத் தெரியும், எம்.ஆர்.ஐ.யில் தெரியாமல் போகலாம். எனவே எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும் பழைய சி.டி. ஃபிலிமை எறிந்துவிடாதீர்கள், இரண்டையும் நரம்பியல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் உணவில் எதையும் விலக்காதீர்கள்.

ரிப்போர்ட் புரியவில்லை என்றால் அலுவலகத்துக்கு வாருங்கள். விளக்கம் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. சொல்லக்கூடிய மருத்துவரிடம் உங்களுடன் வருவோம்.